எலும்பு செய்யும் வேலை: மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் எலும்பு ஸ்கேனின் இடம்

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் படங்களைச் சுட்டிக்காட்டிப் பேசிய பகுதிகளும் சில கிளைக்கதைகளும் நீக்கப்பட்டுள்ளன.)



முன்வரிசை காலியாக இருக்கும்போதே பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களை முன்னால் வரச் சொல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. பரவாயில்லை, இன்றைய பேச்சில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான். கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன்.

அழைப்பிதழில் முதலில் அச்சாக இருந்த தலைப்பு "புற்றுநோய் மருத்துவத்தில் புதிய முன்னேற்றங்கள்". அதைச் சுருக்கித் தரும்படி நான்தான் கேட்டேன். என் தொழில் அணு மருத்துவம். அதிலும் என் மேசைக்கு அதிகம் வந்தவை எலும்பு ஸ்கேன்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தப் படங்களோடு ஒட்டி வந்த சீட்டுகளைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வருகிறார். கையில் ஒரு சீட்டு. அதில் மூன்றே சொற்கள்: "மார்பகப் புற்று. பரவலா?" அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் சொல்லத்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம். ஆனால் படம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எலும்பு ஸ்கேன் காட்டுவது எலும்பு செய்கிற வேலையை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். யாருக்கு எடுப்பது, யாருக்கு வேண்டாம், எடுத்ததை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

1

படத்தில் கறுப்பாகத் தெரியும் புள்ளி புற்று இல்லை. முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் பாசனம் தெரிந்த ஊர் இது. ஆகவே இப்படிச் சொல்கிறேன். கோமுகி அணைத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஒரு வயலின் வரப்பு உடைகிறது. மண்வெட்டியும் சட்டியுமாக ஆட்கள் ஓடுகிறார்கள். மலைமேல் நின்று பார்க்கிறவருக்கு அரித்துக்கொண்டு போகும் தண்ணீர் தெரியாது. அங்கே கூடிய ஆட்கள் தெரிவார்கள். எலும்பு ஸ்கேன் படமெடுப்பது அந்த ஆட்களை.

நம் எலும்பு உயிருள்ள பொருள். அரிக்கும் செல்கள் ஒரு பக்கம் அரித்துக்கொண்டும், கட்டும் செல்கள் ஒரு பக்கம் கட்டிக்கொண்டும் இருக்கும். மார்பகத்திலிருந்து வரும் புற்றுச் செல் எலும்பில் குடியேறினால் முதலில் அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அரிப்பு நடந்த இடத்தில் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. நாம் போடும் ஊசியில் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம், எம்.டி.பி. என்ற, பாஸ்பேட்டை ஒத்த சேர்மத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. புதிதாகப் படிகிற எலும்புத் தாது எங்கே இருக்கிறதோ அங்கே அது போய் ஒட்டிக்கொள்ளும். எலும்பில் ஒட்டாத மிச்சம் சிறுநீரில் வெளியேறும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்வதும், படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வதும் இதனால்தான். புடவையில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டிருந்தாலும் இடுப்பெலும்பில் புள்ளி இருப்பதுபோல் ஏமாற்றிவிடும்.

இந்த முறைக்கு ஒரு பலம் உண்டு. எக்ஸ்ரேயில் பள்ளம் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் தாதுவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கரைந்திருக்க வேண்டும். ஆட்கள் கூடுவதோ அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். ஆகவே ஸ்கேன் முந்திக்கொள்கிறது. அதோடு உச்சந்தலை முதல் பாதம் வரை ஒரே படுக்கையில் பார்த்துவிடலாம்.

பலவீனமும் அதே இடத்தில்தான். வரப்பு உடைந்தும் மண் போட ஆள் வராவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மார்பகப் புற்றிலும் வெறுமனே அரித்துக்கொண்டு போகும் சில பரவல்கள் இந்தக் கண்ணுக்குத் தப்பிவிடும். இதற்கு நேர்மாறாக, எந்தத் தண்ணீரும் அரிக்காமல், சும்மா வரப்பைப் பலப்படுத்த ஆட்கள் கூடினாலும் கறுப்பாகவே தெரியும். மூட்டுத் தேய்மானம், பழைய எலும்பு முறிவு, காசநோய், பல்லில் சீழ் என எல்லாமே புள்ளிகள்தாம்.

2

இந்த ஊசியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

டெக்னீஷியத்தை 1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் பெர்ரியே, செக்ரே என்ற இருவர் கண்டறிந்தார்கள். மனிதக் கையால் உண்டாக்கி அடையாளம் காணப்பட்ட முதல் தனிமம் அது. பெயருக்குக் கிரேக்கத்தில் 'செயற்கை' என்று பொருள். மருத்துவத்தில் பயன்படும் வடிவத்துக்கு அரை ஆயுள் 6 மணி நேரம்: காலையில் இருந்தது பிற்பகலில் பாதி, மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்கு. நோயாளியின் உடம்புக்கு இது நல்லது. ஆனால் கடையில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99-ஐ ஈயக் கூட்டுக்குள் வைத்து அனுப்புவார்கள். அது டெக்னீஷியமாக மாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் தினமும் காலையில் உப்புநீர் விட்டுக் கறந்துகொள்வோம். துறைக்குள் அந்தப் பெட்டிக்குப் 'பசு' என்றே பெயர்.

இந்தக் கறவையை எலும்புக்குக் கொண்டுபோகும் வாகனத்தைச் செய்தவர் கோபால் சுப்பிரமணியன். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். மாணவனாக இருந்தபோது நானும் உட்கார்ந்தேன். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் ஜான் மக்காஃபியோடு சேர்ந்து 1971-இல் பாலிபாஸ்பேட் ஊசியையும், 1975-இல் இன்று உலகமெங்கும் போடப்படும் எம்.டி.பி.யையும் அறிமுகப்படுத்தினார். ஐம்பது ஆண்டுகளாகியும் இதை ஓரங்கட்ட இன்னொன்று வரவில்லை.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பீர்கள். ஒரு ஸ்கேனுக்கு ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஆண்டொன்றுக்கு மனிதருக்குக் கிடைக்கும் உலக சராசரி சுமார் 2.4. பயப்படத் தேவையில்லை; அன்று ஒரு நாள் மட்டும் கைக்குழந்தையை மடியிலேயே வைத்திருக்க வேண்டாம்.

3

இனி நான் அதிகம் பேச விரும்பும் பகுதி.

எலும்பு செய்யும் வேலையைத்தான் படம் காட்டுகிறது என்றால், அந்த எலும்பு இதுவரை என்ன வேலை செய்திருக்கிறது என்று தெரியாமல் படத்தைப் படிக்க முடியாது. பாடப்புத்தகத்தில் இருக்கும் மாதிரிப் படங்கள் சிரக்யூஸ், சிகாகோ பெண்களுடையவை. கல்வராயன் மலைப் பெண்ணின் உடம்பு வேறு வாழ்க்கை வாழ்ந்த உடம்பு.

கல்வராயனில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைத்துக்கொள்ளும் பயிற்சி மருத்துவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன்.) 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். சாலை தாமதமாக வந்த இடத்தில் தலைதான் வண்டி. விறகு, தண்ணீர்க் குடம், மரவள்ளிக் கிழங்கு மூட்டை எல்லாம் தலையில் ஏறி இறங்குகின்றன. குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள் உண்டு. அங்கேயும் சரிவில் ஏறி இறங்கும் வேலைதான். நாற்பது வயதில் இவர்களுடைய கழுத்தெலும்பும் இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பும் தேய்ந்து, ஓரங்களில் முள் வளர்ந்திருக்கும். ஸ்கேனில் அத்தனையும் கறுப்பு. மார்பகப் புற்று முதலில் தேடிப் போகும் இடமும் முதுகெலும்பு, விலா, இடுப்பு, தொடையெலும்பின் மேற்பகுதி என்று ஏறக்குறைய அதே இடங்கள்தாம். சங்கடம் புரிகிறதா?

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியிருப்பார். இடது மார்பில் சிறிய கட்டி. சீட்டில் வழக்கம்போல மூன்று சொற்கள். படத்தில் வலது பக்க விலாக்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு புள்ளிகள், நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில். புற்று இப்படி வரிசை பிடித்து நிற்பது அரிது. ஒரே அடியில் முறிந்த விலாக்கள்தாம் இப்படி நிற்கும். என் உதவியாளர் போய், "அம்மா, கீழ விழுந்தீங்களா?" என்று கேட்டார்.

"எதக் கேக்கற தம்பி? கடுக்கா மரத்துல இருந்து விழுந்ததா, ஓடையில வழுக்கி விழுந்ததா, போன ஆடியில மாடு முட்டுனதா?"

மாடு முட்டியதுதான். எக்ஸ்ரே எடுத்தோம், ஆறிவரும் முறிவுகள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அறிக்கையில் "பல இடங்களில் பரவல்" என்று எழுதியிருந்தால், குணப்படுத்தக்கூடிய நோய் அன்று மாலையே குணப்படுத்த முடியாத நோயாகிவிட்டிருக்கும். நோய் அப்படியேதான் இருந்திருக்கும்; மாறியிருப்பது எங்கள் காகிதம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொன்று ஃபுளூரைடு. நமக்கு மேற்கே சேலம், தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த ஊர்கள் பல. அந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் எலும்புக்கூடு முழுவதும் ஊசி மருந்தைச் சீராக இழுத்துக்கொள்ளும். சிறுநீரகம் தெரியவே தெரியாது. எலும்பு முழுக்கப் புற்று பரவியவர்களின் படமும் இதே மாதிரி, பளிச்சென்று மிக 'அழகாக' இருக்கும். அனுபவமில்லாதவர் அதை நல்ல படம் என்று எழுதிவிடுவதும் உண்டு. இரண்டையும் பிரிக்க நோயாளியின் பல்லைப் பார்ப்பது உதவும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார் என்று கேட்பதும் உதவும்.

எல்லாப் புள்ளியையும் இப்படித் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். விலாவில் தனித்த ஒரு புள்ளி பெரும்பாலும் தீங்கற்றது. மார்பகப் புற்றுள்ள பெண்ணின் நடு மார்பெலும்பில் தனித்த ஒரு புள்ளி அப்படியல்ல. அதைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். முதன்முதலாகப் பரவல் என்று சொல்லப்போகும் இடத்தை, முடிந்தால், ஊசியால் குத்தித் திசு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் திருப்பிவிடும் சொல்லை நிழலை மட்டும் நம்பிச் சொல்லலாகாது.

4

யாருக்கு வேண்டாம்?

கட்டி சிறியது, அக்குளில் நெறி இல்லை அல்லது ஒன்றிரண்டு, எலும்பில் வலி இல்லை என்றால், வேண்டாம். இது என் சொந்தக் கருத்து இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் கனடாவில் வெளியான கணக்கின்படி, எலும்பு ஸ்கேனில் பரவல் தெரிந்தது முதல் நிலையில் 0.5 சதவீதம், இரண்டாம் நிலையில் 2.4, மூன்றாம் நிலையில் 8.3. முதல் நிலையில் இருநூறு பேருக்கு எடுத்தால் ஒருவர். மிச்சம் 199 பேரில் எத்தனை பேரை மாடு முட்டியிருக்கும், எத்தனை பேர் மூட்டை சுமந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் எம்.ஆர்.ஐ., அதற்கொரு தேதி, அந்தத் தேதிவரை அறுவைச் சிகிச்சை நிறுத்தம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-இல் "இவற்றைச் செய்யாதீர்கள்" என்று வெளியிட்ட பட்டியலில், பரவும் அபாயம் குறைந்த ஆரம்ப நிலை மார்பகப் புற்றுக்கு எலும்பு ஸ்கேன் எடுப்பதும் இருக்கிறது.

சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருப்பதும் தேவையற்றது. இதற்கு அழுத்தமான சான்று இத்தாலியிலிருந்து வந்தது. 1994-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. ஒன்றில் 1,243 பெண்கள், மற்றொன்றில் 1,320 பெண்கள். பாதிப் பேருக்கு ஸ்கேன்களோடு தீவிரக் கண்காணிப்பு, மீதிப் பேருக்கு மருத்துவர் கையால் பார்ப்பதும் ஆண்டுக்கொரு மேமோகிராமும். முதல் ஆய்வில் ஸ்கேன் எடுத்தவர்களில் பரவல் சற்று முன்னதாகத் தெரிந்தது. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் ஆயுள் கூடவில்லை. அவர்களுக்குக் கூடியது, நோய் பரவிவிட்டது என்று தெரிந்து வாழ்ந்த காலம் மட்டும்.

"எதற்கும் ஒன்று எடுத்துப் பார்த்துவிடுவோமே" என்ற பேச்சை நான் நன்கு அறிவேன். நானே பேசியிருக்கிறேன். மருத்துவருக்கு அது பத்து வினாடிக் கையெழுத்து. மலையிலிருந்து வருகிறவருக்கோ முதல் நாளே கச்சிராயப்பாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் புதுச்சேரி ஜிப்மர், அல்லது சேலம், அல்லது அதையும் தாண்டிச் சென்னை. துணைக்கு ஒருவர். இரண்டு பேர் கூலி, இரண்டு நாள். காப்பீட்டு அட்டை கூலியை ஈடுகட்டாது.

5

யாருக்குக் கட்டாயம் வேண்டும்?

மூன்றாம் நிலையில் வருகிறவர்களுக்கு. அதாவது கட்டி பெரிதாகிவிட்டது, தோலைப் பிடித்துவிட்டது, அக்குள் நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்றால் வேண்டும். நம் பகுதிப் பெண்களில் பலர் இந்த நிலையில்தான் வருகிறார்கள் என்பதால், மேல்நாட்டு அறிவுரையை வெட்டி ஒட்டி "ஸ்கேன் வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. எந்த நிலையானாலும், புதிதாக வந்து போகாமல் நிற்கிற எலும்பு வலி இருந்தாலும், ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் அல்லது கால்சியம் உயர்ந்திருந்தாலும் வேண்டும்.

இவர்களுக்கு ஏன் வேண்டும் என்றால், பதில் தெரிந்தால் நாம் செய்வது மாறும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 350 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் ஏற்கெனவே வேறு உறுப்புக்குப் பரவிவிட்டவர்களுக்கு மார்பை அகற்றியும் கரண்டு (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தும் பார்த்தார்கள். ஆயுளில் வேறுபாடு வரவில்லை. அப்படியானால் பரவல் உறுதியானவருக்குப் பெரிய அறுவையைத் தவிர்த்து மாத்திரை, ஊசி மருந்துகளிலிருந்து தொடங்கலாம். ஸ்கேன் அவரை ஒரு வீண் அறுவையிலிருந்து காப்பாற்றுகிறது.

பெட்-சி.டி. பற்றி மாணவர்கள் கேட்பீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 369 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் நிலையின் பிற்பகுதியிலும் மூன்றாம் நிலையிலும் இருந்தவர்களில் பெட்-சி.டி. 23 சதவீதத்தினரிடம் பரவலைக் காட்டியது. எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் சேர்ந்து 11 சதவீதத்தினரிடம் காட்டின. பெட்-சி.டி. புற்றுச் செல் சர்க்கரையை விழுங்குவதைப் பார்க்கிறது. ஆட்களுக்குப் பதில் தண்ணீரையே பார்ப்பது மாதிரி. கிடைக்கிற இடத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம். அதை எடுத்தவரை மறுபடி எலும்பு ஸ்கேனுக்கும் அனுப்பாதீர்கள். கிடைக்காத இடத்தில் எலும்பு ஸ்கேனைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. மார்பகப் புற்று வந்த ஒருவர் முதுகுவலியோடு கால் தளர்கிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் போகவில்லை என்று சொன்னால், எலும்பு ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்குகிறது. அன்றைக்கே ஸ்டீராய்டு, எம்.ஆர்.ஐ., கரண்டு. மறுநாள் நடக்க முடியாமல் போனவரை மீண்டும் நடக்க வைப்பது கடினம். பின்வரிசைக்குக் கேட்கிறதா?

6

சிகிச்சை நடக்கும்போது எடுக்கும் ஸ்கேனில் ஒரு பொறி இருக்கிறது. வரப்பு உவமைக்கு மறுபடி வருகிறேன். அரித்த தண்ணீரை அடைத்துவிட்டோம். மருந்து வேலை செய்கிறது. இப்போதுதான் மண் போடுகிறவர்கள் முழு வீச்சில் இறங்குவார்கள். படத்தில் புள்ளிகள் முன்னைவிடக் கறுக்கும். முன்பு தெரியாத புதுப் புள்ளிகள்கூட முளைக்கும். சிகிச்சை தொடங்கி முதல் மூன்று மாதங்களில், சில நேரம் ஆறு மாதம் வரையிலும் இப்படி நேரும். வலி குறைந்து, பசி எடுத்து, முகம் தெளிந்த ஒருவரின் படம் மோசமாகியிருந்தால் மருந்தை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள். வேலை செய்துகொண்டிருந்த மாத்திரையை நிறுத்திக் கீமோவுக்குத் தள்ளிய பழியில் எங்கள் துறைக்கும் பங்குண்டு.

இன்னொரு சிக்கல் மாத்திரையிலிருந்தே வருகிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை எலும்பை மெலியச் செய்யும். மெலிந்த முள்ளெலும்பு தானாகவே நசுங்கும். நசுங்கிய இடம் கறுப்பாகத் தெரியும். நோயைத் தடுக்கும் மருந்தே நோய் வந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது.

7

பரவல் உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

பெட்டியைக் கட்டச் சொல்லும் செய்தி இல்லை இது. எலும்போடு நின்ற நோயில் ஆண்டுக்கணக்கில் தோட்டத்துக்குப் போய் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எங்கே என்று சொல்லும். அந்த எலும்பு பாரம் தாங்குமா என்று சொல்லாது. தொடையெலும்பிலோ இடுப்பிலோ புள்ளி இருந்தால் அந்த இடத்துக்கு எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு அரித்திருக்கிறது, எந்த இடம், நடந்தால் வலிக்கிறதா என்று மதிப்பிட வேண்டும். மிரெல்ஸ் என்பவர் 1989-இல் வகுத்த மதிப்பெண் முறை இதற்கு இன்றும் உதவுகிறது. முறியப்போகும் எலும்புக்கு முன்கூட்டியே கம்பி வைப்பது, முறிந்தபின் வைப்பதைவிட மேல். இந்த ஒரு எக்ஸ்ரேயை மறந்துவிட்டு, தலையில் குடத்தோடு ஒரு பெண்ணைத் திரும்ப மலையேற விடுவது பெரும் பிழை.

வலிக்குக் கரண்டு வைக்க வேண்டுமானால் பத்து நாள் தங்க வேண்டும் என்று பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஒரே நாளில் ஒரே முறையாக 8 கிரே வைப்பது, பத்து நாளாகப் பிரித்து 30 கிரே வைப்பதற்கு ஈடாக வலியைக் குறைக்கும். பின்னால் மறுபடி வைக்க வேண்டி வருவது மட்டும் கொஞ்சம் அதிகம். நகரத்து மருத்துவருக்கு இரண்டும் ஒன்றுதான். மலைக்காரருக்கு ஒன்பது நாள் மிச்சம். எலும்பைப் பலப்படுத்தும் சோலெட்ரானிக் அமில ஊசியும் அப்படித்தான்: மாதம் ஒருமுறை போட்டுவந்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாலும் போதும் என்று 1,822 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது. தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தாடையெலும்பு செத்துப்போகும் அபாயம் இருக்கிறது.

8

கடைசியாக, என் துறைக்கே எதிராக ஒரு வார்த்தை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்து எலும்பு ஸ்கேன் எடுக்க ஒரு காமா கேமரா கேட்பீர்கள். கேளுங்கள், நானும் மனுவில் கையெழுத்திடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று: எலும்பு ஸ்கேன் தேவைப்படாத நிலையிலேயே பெண்கள் வருவதற்கு வழி வேண்டும். மும்பையில் 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. மருத்துவர்களோ மேமோகிராமோ இல்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். நோய் ஆரம்ப நிலையில் பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் மார்பகப் புற்றால் இறப்பது ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பையோடு வீடு வீடாகப் போகிறவர்களிடம் இருக்கும் விரல்கள், என் அறையில் இருக்கும் கோடிக்கணக்கான மதிப்புள்ள கருவியைவிட அதிக உயிர்களைக் காக்க முடியும். பணத்தையும் நேரத்தையும் எதில் முதலில் போடுவது என்று கேட்டால், என் ஓட்டு அந்த விரல்களுக்கு.

அதுவரை, சீட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "மார்பகப் புற்று. பரவலா?" என்பதோடு நிறுத்தாமல் இன்னும் நான்கு வரி எழுதுங்கள். எந்த நிலை. எங்கே வலி, எப்போதிலிருந்து. எப்போது விழுந்தார், எதைச் சுமக்கிறார், எந்தத் தண்ணீர் குடிக்கிறார். பரவியிருந்தால் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள். நான்காவது வரிக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் சீட்டைக் கிழித்துவிடலாம்.

(உரைக்குப் பின் பின்வரிசையிலிருந்து ஒரு செவிலியர் எழுந்து கேட்ட கேள்வியையும் பதிலையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)

"ஐயா, ஸ்கேனுக்குக் காலையில எட்டு மணிக்கு வரச் சொல்றாங்க. மலையில இருந்து முதல் பஸ்ஸப் புடிச்சாலும் அந்த நேரத்துக்குப் போக முடியாது. லேட்டாப் போனா அந்த ஊசி கெட்டுப்போயிடுமா? போன மாசம் ஒரு அம்மாவ அப்படித் திருப்பி அனுப்பிட்டாங்க."

ஒன்றரை மணி நேரம் பேசியதில் நான் தொடாத இடம் அது. சொன்னேன்: மருந்து கலந்து வைத்தபின் சில மணி நேரம் தாங்கும், வீரியம் குறையக் குறைய ஊசியில் எடுக்கும் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். எட்டு மணி என்பது எங்கள் வசதி. மலையிலிருந்து வருகிறவர் என்று தேதி வாங்கும்போதே சொல்லிவிட்டால், பதினொரு மணிக்கு ஊசி, இரண்டு மணிக்குப் படம், நான்கு மணிக்குள் பஸ் நிலையம் என்று பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு செய்ய முடியும்.

"யார்கிட்ட சொல்லணும் ஐயா? டாக்டருகிட்டயா?"

டாக்டரிடம் இல்லை, ஊசியைக் கலக்கும் டெக்னீஷியனிடம் என்றேன். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுதிக்கொண்டார்கள்.